பங்களாவும் லயமும்: பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் உல்லாசப் பயணத்துறை

அட்டன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட் ஆகிய ஊர்களினூடாகத் தென்கிழக்கே செல்லும் பாதை, கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கைத் தொடர்ந்து சென்று பொகவந்தலாவையை அடைகின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4000 அடி உயரத்தில், நாற்புறமும் மலைத்தொடர்கள் சூழ அமைந்துள்ள இப்பள்ளத்தாக்கினைத் தேயிலை வணிகர் 'தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு' என விளம்பரப்படுத்தி வந்துள்ளனர். சிங்கள மொழியில் 'தலாவ' என்னுஞ் சொல் புல் பரந்த சமவெளியைக் குறிப்பதாகும். அப்புல்வெளியும் அதனைச் சூழ்ந்திருந்த மலைக்காடும் இன்று ஊரின் பெயரிலேயே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. பயணக் கைந்நூல்கள் இப்பிரதேசத்தின் 'இயற்கை எழிலை' வியந்துரைக்கின்றன. ஆயினும் அவ்வெழிலில் இயற்கை தந்தவை மலையின் வடிவமும் மழையும் பனிமூட்டமுமே. சரிவுதோறும் ஒரே மட்டமாகக் கவ்வாத்துச் செய்யப்பட்ட தேயிலைச் செடிகள், மண் கரையாது காக்கும் கானுகள், மலையைச் சுற்றிச் செல்லும் தோட்டப் பாதைகள், நிழல்மர வரிசைகள் ஆகிய யாவும் ஒன்றரை நூற்றாண்டுக் கால உடலுழைப்பின் விளைவுகளாகும். அவ்வுழைப்பினை நல்கியோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். காட்சியைப் படைத்தவர்களுக்கு அக்காட்சியின் விற்பனையில் எத்தகைய இடம் கிடைத்து வந்துள்ளது என்பதே மலையகத்தின் உல்லாசப் பயணத்துறை வரலாற்றில் முதன்மையாக ஆராயப்படவேண்டிய வினாவாகும்.

மலைவாசத் தலம் என்னும் எண்ணம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1819 ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் நீலகிரியின் மேட்டுநிலத்தை அடைந்தார். அதே ஆண்டிலேயே மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். வெப்ப நாடுகளில் பணிபுரிந்த ஐரோப்பியருக்கு உடல்நலந் தேறும் இடமாக இரு மேட்டுநிலங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்றன. தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் நுவரெலியாவில் தமக்கென ஒரு மாளிகை எழுப்பியதும், 1848 அளவில் சாமுவேல் பேக்கர் அங்கு ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே நிறுவ முயன்றதும், 1876இல் ஹில் கிளப்பும் 1889இல் கொல்ஃப் கழகமும் தோன்றியதும் இவ்வரலாற்றின் அறியப்பட்ட பகுதிகள். இவற்றை விரித்துரைத்தல் இங்கு வேண்டுவதில்லை. புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியதென்பதை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும். அப்பாதை கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே அமைக்கப்பட்டது. பயணிகள் பெட்டி அதற்குப் பின்னரே முக்கியத்துவம் பெற்றது. இன்று உலகின் அழகிய புகையிரதப் பயணங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் பாதை, தன் பிறப்பால் ஒரு சரக்குப் பாதையே எனலாம்.

பொகவந்தலாவையின் தனிச்சிறப்பு யாதெனில், மலையகச் சமுதாயத்தின் தோற்றம், ஒளிப்படக் கலை, பயணியின் நோக்கு ஆகிய மூன்றும் அங்கு ஒரு கல்லறையில் வந்து சந்திக்கின்றமையாகும். ஊரில் உள்ள பரிசுத்த மரியாள் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் வளவில் சார்ள்ஸ் ஹே கமரன், அவர்தம் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் ஆகிய இருவரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் இக்கல்லறையைத் தேடியே இவ்வூருக்கு வருகின்றனர்.

சார்ள்ஸ் கமரன் இலங்கை வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்த பெயர். 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களில் நீதித்துறை பற்றிய அறிக்கை இவருடையது. இராசகாரிய முறையை ஒழிக்குமாறு பரிந்துரைத்தவர் கோல்புறூக்கே ஆயினும், இருவரும் ஒரே கொள்கையின் வழிநின்றவர்கள். கட்டாய ஊழியம் நீங்கினால் உழைப்புச் சந்தைப் பொருளாகும், தனியார் முதல் நாட்டினுட் பாயும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. முதல் பாய்ந்தது. ஆயின் கண்டிய விவசாயி தன் வயலை விட்டுத் தோட்டக் கூலியாக வர மறுத்தான். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காடுகளைத் தோட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. அவற்றில் உழைக்கும் கைகள் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்டன. ஆகவே கமரன் துயிலும் வளவைச் சுற்றி நாற்றிசையிலும் பரந்துள்ள தேயிலை மலைகளும் லயங்களும், அவர் பங்குகொண்ட சீர்திருத்தத்தின் தொலைதூர விளைவுகள் எனக் கருதுவதில் தவறில்லை. தாம் சீர்திருத்திய நாட்டிலேயே அவர் பெரும் நிலங்களை வாங்கி உடைமையாளராகவும் விளங்கினார் என்பதும் இவ்விடத்து மறக்கற்பாலதன்று.

ஜூலியா மார்கரெட் கமரனின் புகழ் வேறுவகைப்பட்டது. நாற்பத்தெட்டாம் வயதிற் படப்பெட்டியைக் கையிலெடுத்த இவ்வம்மையார், கவிஞர் டெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், சார்ள்ஸ் டார்வின் முதலியோரை எடுத்த உருவப்படங்களால் ஒளிப்பட வரலாற்றில் நிலைபேறு அடைந்தவர். 1875இல் குடும்பத்தினர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். சவப்பெட்டிகளையும் தம்முடன் கப்பலேற்றி வந்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. களுத்துறையிலும் மைந்தரின் மலைத் தோட்டங்களிலும் வாழ்ந்த காலத்தில் அம்மையார் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் அவர் பொருளாகக் கொண்டோர் பெரும்பாலும் அயலில் வாழ்ந்த உழைப்பாளர். கலைநோக்கில் இப்படங்கள் பரிவுடன் எடுக்கப்பட்டவை, எள்ளல் அற்றவை. ஆயினும் ஒரு வேறுபாடு கண்ணில் உறுத்துகின்றது. இங்கிலாந்திற் புகழாளர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரோடு படத்தில் நின்றனர். இலங்கையிற் படத்துக்குரியோரின் பெயர்கள் பெரும்பாலும் பதியப்படவில்லை. அவர்கள் 'இலங்கைப் பெண்', 'ஊரவர் குழு' என்ற அளவிலேயே நின்றுவிட்டனர். அடுத்த நூற்றாண்டு முழுவதும் மலையகத் தொழிலாளி பயணியின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றப்போகிறார் என்பதை இந்தப் பெயரின்மை முன்னறிவித்தது.

1879 சனவரி 26ஆம் நாள் அம்மையார் கிளன்கேர்ன் தோட்டத்தில் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். டிக்கோயாவைச் சேர்ந்த அத்தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை மக்கள் நாவு 'கிளங்கன்' என மாற்றிக்கொண்டது. இன்று மலையகத்தில் கிளங்கன் என்றால் எவர்க்கும் நினைவுக்கு வருவது ஒளிப்படக் கலைஞர் அல்லர், வைத்தியசாலையே. இந்திய உதவியுடன் அங்கு எழுப்பப்பட்ட புதிய வைத்தியசாலைக் கட்டடத்தை 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அன்றே நோர்வூட் மைதானத்தில் நிகழ்த்திய உரையில், முன்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட 4000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என அவர் அறிவித்தார். ஒரே இடப்பெயர் பயணியின் நினைவில் ஒன்றையும் குடியானவரின் நினைவில் வேறொன்றையும் சுட்டி நிற்பது மலையகத்தின் பொது நிலையாகும்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின்னர், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. 1873இல் 23 இறாத்தலாக இருந்த ஏற்றுமதி, நூற்றாண்டின் இறுதிக்குள் கோடிக்கணக்கான இறாத்தலாயிற்று. இப்பெருக்கத்துக்கு விளம்பரம் இன்றியமையாததாயிற்று. 1893 ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் அமைத்துத் தேநீர் வழங்கப்பட்டது. தோமஸ் லிப்டன் 1890இல் இங்கு தோட்டங்களை வாங்கித் தம் பொதிகளின் வாயிலாகத் தேயிலை மலையின் காட்சியை ஆங்கிலேயச் சமையலறைகளுக்குக் கொண்டு சேர்த்தார். ஹென்றி கேவ் 1900இல் வெளியிட்ட 'கோல்டன் டிப்ஸ்' என்னும் நூல், தேயிலை பற்றிய விளக்கத்தையும் பயணக் குறிப்பையும் ஒளிப்படங்களையும் ஒருங்கே தந்தது. தலையிற் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண்ணின் உருவம் அஞ்சலட்டையிலும் தேயிலைப் பொதியிலும் சுவரொட்டியிலும் இடம்பெற்றது. பொருளை விற்க எழுந்த படம் காலப்போக்கில் நாட்டை விற்கும் படமாயிற்று. உலகில் வேறெந்தத் தொழிலாளரும் தாம் கூலிக்கு வேலைசெய்யும் நேரத்திலேயே இத்துணை அதிகமாகப் படமெடுக்கப்பட்டதில்லை எனலாம். கொழுந்தின் நிறை குறைந்தால் நாட்சம்பளம் குறையும் என்ற நிலையில், படத்துக்காக நிமிர்ந்து சிரிக்கும் அந்தக் கணமும் அவர்தம் உழைப்பு நேரத்திலிருந்தே கழிகின்றது.

அரசு உல்லாசப் பயணத்துறையில் ஈடுபட்டது 1937இல் அமைந்த பணியகத்தோடு. போர்க்காலத்தில் அது மூடப்பட்டு 1948இல் மீண்டும் தொடங்கிற்று. 1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அடுத்து வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கொழும்பு, தென்கரை, கிழக்குக் கரை, தொல்நகரங்கள் ஆகியவற்றுடன் மலைநாட்டையும் ஒரு பயண வலயமாகக் கொண்டது. 1966இல் 18,969 ஆக இருந்த பயணிகள் தொகை 1982இல் 407,230 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சியிற் பெரும்பங்கு கடற்கரைக்கே சென்றது. மலைநாட்டுக்கு வந்தோர் கண்டியையும் நுவரெலியாவையும் கண்டு திரும்பினர். பொகவந்தலாவை போன்ற உட்பள்ளத்தாக்குகள் அவர்தம் வழியில் இருக்கவில்லை.

இதே காலம் மலையக மக்களுக்கு எத்தகைய காலம் என்பதை ஒப்புநோக்காது இவ்வளர்ச்சியை மதிப்பிடல் இயலாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். வெளிநாட்டவரை விருந்தினராக அழைக்கச் சட்டம் இயற்றிய அதே பத்தாண்டில், மூன்று தலைமுறையாக மலையில் வாழ்ந்தவர்கள் வெளிநாட்டவராகக் கணக்கிடப்பட்டு அட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கி வண்டியேறினர். உறவினர் கட்டியழுது வழியனுப்பிய அக்காட்சி பயணக் கைந்நூல் எதிலும் இடம்பெறவில்லை. அதனை எழுதியவர்கள் சி. வி. வேலுப்பிள்ளை போன்ற மண்ணின் மைந்தரே. தேயிலைத் தோட்டத்தை அதனுள் வாழ்பவரின் கண்கொண்டு ஆங்கில வாசகர்க்குக் காட்டிய அவரது கவிதை நூல் 1954இல் வெளிவந்தது. 1983 யூலை வன்செயலின் பின் பயணிகள் தொகையும் வீழ்ந்தது. 1982இல் நான்கு இலட்சத்தைக் கடந்திருந்த தொகை 1987இல் 182,620 ஆயிற்று. பயணத்துறையினர் இவ்வீழ்ச்சியைத் துல்லியமாகக் கணக்கிட்டு வைத்துள்ளனர். எரிந்த லயங்களுக்கு அத்தகைய கணக்கு எளிதிற் கிடைப்பதில்லை.

இப்பள்ளத்தாக்கின் நிலத்தோற்றத்தை மாற்றிய மற்றொரு நிகழ்வு நீர்மின் திட்டமாகும். 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் நிறைவுற்றன. பின்னதில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிற்று. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளித்தெரிவதும், அவற்றைக் காண மக்கள் திரள்வதும் இன்றுவரை நிகழ்ந்துவருகின்றன. இங்கு வருவோரிற் பலர் உள்ளூரவர்கள். தம் பாட்டன் கடை வைத்திருந்த தெரு இது, தாய் விளக்கேற்றிய சந்நிதி இது என்று பிள்ளைகளுக்குக் காட்டவே அவர்கள் வருகின்றனர். எந்தச் சபையும் திட்டமிடாது, எந்த விளம்பரமும் இன்றித் தானே தோன்றிய கிராமியப் பயணத்துக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை அட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டமும் அத்தகையதே. 1344இல் இபன் பதூதா ஏறிய அம்மலை, உல்லாசப் பயணம் என்ற சொல் தோன்றுமுன்னரே அயல் நாட்டவரையும் ஈர்த்த தலமாகும்.

தோட்டப் பங்களாக்களும் தொழிற்சாலைகளும் பயண விடுதிகளாக மாறியமை அண்மைக் கால நிகழ்வு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுக்கே உரியதாக, கம்பனிகள் 53 ஆண்டுக் குத்தகையைப் பெற்றன. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாக உருமாறிற்று. 2005இல் டில்மா நிறுவனத்தாரின் முயற்சியால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்தும் பொகவந்தலாவைப் பக்கத்திலும் உள்ள பழைய துரைமார் பங்களாக்கள் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விடுதிகளாயின. காசல்ரீ, சமர்வில், நோர்வூட், ரியன்சின் என்னும் அவற்றுள் ரியன்சின் பங்களா 1888இற் கட்டப்பட்டது. உலகத் தரம் வாய்ந்த விடுதிகளின் வரிசையில் இவை இடம்பெற்றன. நீர்த்தேக்கத்தில் இறங்கும் சிறு விமானங்களில் விருந்தினர் வந்திறங்கும் நிலையும் உருவாயிற்று.

இம்முயற்சியைக் குறைகூறுவது எளிது, ஆயின் நேர்மையன்று. அழிந்துபோகவிருந்த கட்டடங்கள் காக்கப்பட்டன. தோட்டங்களில் வளர்ந்த இளைஞர் பலருக்குக் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் அப்பால் வேலை கிடைத்தது. தேயிலை உற்பத்தி முறையை விருந்தினருக்கு விளக்கும் ஏற்பாடும் பயனுடையது. எனினும் இங்கு மீள உயிர்ப்பிக்கப்படுவது எதன் வரலாறு என்ற வினா எஞ்சுகின்றது. புல்தரை, கணப்படுப்பு, மாலைத் தேநீர், அழைத்தவுடன் வந்துநிற்கும் அப்பு ஆகிய யாவும் துரையின் வாழ்வையே நினைவூட்டுவன. விருந்தினர் ஒருநாள் துரையாக வாழ்ந்து பார்க்கின்றார். பங்களாவுக்கு எதிர்ச்சரிவில் நிற்கும் லயம் அவர் தேநீர் அருந்தும் சாளரத்திலிருந்து தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பும் கொண்ட அவ்வீட்டு வரிசையும் அதே காலத்துக் கட்டடமே. பழைமை என்ற அடிப்படையில் இரண்டும் சமமான மரபுச் சின்னங்கள். ஒன்றில் ஓரிரவு தங்குவதற்குப் பெரும் பணம் கொடுக்கப்படுகின்றது. மற்றையதிலிருந்து வெளியேறுவதற்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கின்றனர்.

அருங்காட்சியகங்களிலும் இப்பிரிவினை காணப்படுகின்றது. கண்டி ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை, பழைய உருளை இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களையும் பேணுகின்றது. தொழிலாளருக்கான நூதனசாலையோ 2007இல், கம்பளைக்கு அண்மையில் ஒரு பழைய லய அறையிலேயே, கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால் உருவாயிற்று. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, துண்டுச் சீட்டு, பித்தளைப் பாத்திரம், தப்பு ஆகியவை கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படாவிடின் அவற்றின் சொந்தக்காரர் வரலாறு எங்கும் பதியப்படாது போயிருக்கும்.

கிராமிய உல்லாசப் பயணம் பற்றி இன்று அதிகம் பேசப்படுகின்றது. பயணி கிராமத்தவரின் இல்லத்தில் தங்குவது, அவர் சமைத்ததை உண்பது, அவர் தொழிலைக் கண்டு பழகுவது, செலவிடும் பணம் நேரே அக்குடும்பத்தைச் சேர்வது என்பன அதன் இலக்கணங்கள். இதற்கு அடிப்படையான முற்கோள் ஒன்று உண்டு. அது கிராமத்தவர்க்கு வீடும் காணியும் சொந்தமாக இருத்தலாகும். எல்ல, பண்டாரவளை போன்ற இடங்களில் சொந்தக் காணியுடையோர் இரண்டறை மூன்றறை கூட்டிக் கட்டி விருந்தினரை ஏற்று முன்னேறியுள்ளனர். தோட்டத் தொழிலாளிக்கு அவ்வழி இல்லை. அவர் வாழும் லயம் கம்பனியின் பொறுப்பிலுள்ள அரச நிலத்திலே நிற்கின்றது. குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலைசெய்தல் அவ்வீட்டுரிமையின் எழுதாத நிபந்தனையாக நீண்டகாலம் இருந்துவந்தது. அறிவிப்புப் பலகை ஒன்றை நடுவதற்கும் ஓர் அறையைக் கூட்டுவதற்கும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். வங்கியில் ஈடுவைக்க உறுதி இல்லை. இந்நிலையில், 'தோட்ட மக்கள் முயற்சியற்றவர்கள், அவர்களுக்கு விருந்தோம்பற் பயிற்சி அளித்தல் வேண்டும்' எனக் கருத்தரங்குகளிற் கூறப்படும் தீர்வு நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும்.

உள்ளூராட்சியிலும் இதே தடை இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. மக்கள் வாக்களித்தனர், உறுப்பினரைத் தெரிவுசெய்தனர், ஆயினும் அச்சபை அவர்களின் லயத்துப் பாதைக்கு ஒரு கல்லையும் இடுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னர், 2018இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. பரந்து கிடந்த அம்பகமுவப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா ஆகியவற்றுக்குத் தனிச் சபைகள் அமைந்ததும், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலாகும். தனிவீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி உறுதியுடன் வழங்கும் முறையும் இக்காலப் பகுதியில் தொடங்கிற்று. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1900 சதுர அடி. வரலாற்றில் முதன்முறையாக ஒரு தோட்டத் தொழிலாளி தன் பெயரில் எழுதப்பட்ட வாசற்படியில் நின்று ஒருவரை 'வாருங்கள்' என்று அழைக்கக்கூடிய நிலை இதனால் தோன்றிற்று. உறுதி பெற்றோர் இன்னும் சிறுபான்மையினரே என்பதும் உண்மை.

அயலிலுள்ள கேரளத்தின் அனுபவம் இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலது. 2008இல் குமரகத்தில் தொடங்கிய பொறுப்புடைய சுற்றுலாத் திட்டம், விடுதிகளுக்கு வேண்டிய காய்கறிகளையும் மற்றும் பொருள்களையும் ஊரிலுள்ள குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடமிருந்து வாங்கச் செய்தது. அத்திட்டம் வேரூன்றியது. அதே கேரளத்தில் மூணாற்றுத் தேயிலை மலைகளில் நிலைமை வேறு. அங்கும் தொழிலாளர் தமிழரே. அவர் வாழிடத்துக்கும் லயம் என்பதே பெயர். 2005இல் டாட்டா நிறுவனம் விலகியபோது தொழிலாளரும் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் கம்பனி உருவாயிற்று. அங்குள்ள நல்லதண்ணித் தோட்டத்தில் ஒரு தேயிலை அருங்காட்சியகமும் உண்டு. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் மூணாற்றுக்கு வந்து செல்கின்றனர். எனினும் 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரிற் பெண் தொழிலாளர் பல்லாயிரவர் மிகை ஊதியமும் நாட்சம்பளமும் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். பயணிகள் வருகை அவர்களின் வீட்டை எட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. குமரகத்தில் இயன்றது மூணாற்றில் ஏன் இயலவில்லை? கேரள நிலச்சீர்திருத்தத்தால் குமரகத்துக் குடியானவர் வீட்டுமனைக்கு உரியவராயினர். பெருந்தோட்டங்களுக்கோ அச்சீர்திருத்தத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வேறுபாடு மக்களின் இயல்பில் இல்லை, நிலச்சட்டத்தில் உள்ளது.

காட்டுவதற்குப் பொகவந்தலாவையில் என்ன இருக்கின்றது என்று வினவுவோர்க்கு விடை கூறுதல் கடினமன்று. மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கூத்து, அருச்சுனன் தபசு, மலையடி முனியாண்டி கோயில், தப்பின் அடி வேறுபாடுகள், ரொட்டியும் இடிசம்பலும், தம் தோட்டத்தில் விளைந்த முதற்றரத் தேயிலை கப்பலேறிய பின் எஞ்சும் தூளிலிருந்து வடிக்கும் சாயம் ஆகிய யாவும் இருக்கின்றன. இவற்றுட் காமன் கூத்து நோன்புடன் நாட்கணக்காக நிகழும் வழிபாடாகும். காமன் எரிந்து மீள உயிர்பெறும் இரவுக்காக ஊர் காத்திருக்கின்றது. விருந்தினர் உணவருந்தும் இடைவேளையில் அரை மணி நேர நிகழ்ச்சியாக அதனைச் சுருக்குவதிலும், அறியாதிருக்க விடுவதே மேலானது. எதைக் காட்டுவது, எதனைத் தமக்கென வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் வீட்டுக்காரருக்கே உரியது. அவ்வுரிமை வீடில்லாதவருக்கு இருப்பதில்லை.

2023 ஆம் ஆண்டு மலையகத்தில் இரு நடைகள் பேசப்பட்டன. தென்னிந்தியத் தொழிலாளர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் காட்டிலும் மழையிலும் கொள்ளைநோயிலும் மடிந்த வழியே அவர்கள் நடந்து, காணி, வீடு, சமவுரிமை ஆகியவற்றைக் கோரினர். மற்றையது 'பெக்கோ ட்ரெயில்' எனப்படும் நடைபாதையின் திறப்பு. 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அப்பாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி, பழைய தோட்டப் பாதைகளினூடாக நோர்வூட், பொகவந்தலாவை, டயகம எனச் சென்று, ஊவா மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடிகின்றது. முதல் நடையில் சென்றோர் தம் வரலாற்றைத் தேடிச் சென்றனர். இரண்டாம் நடையில் செல்வோர் அவ்வரலாறு வெட்டிய பாதையின் மேலேயே நடக்கின்றனர், பலர் அதனை அறியாமலே.

பங்களா விடுதிக்கு விமானத்தில் வருபவர் லயத்தைத் தொலைவிலிருந்தே காண்பார். கால்நடையாக வருபவரோ லயத்து வாசலைத் தாண்டியே செல்லவேண்டும். அவருக்குத் தண்ணீர் வேண்டும், வழி கேட்க ஆள் வேண்டும், நோர்வூட்டிலிருந்து காலையிற் புறப்பட்டுப் பொகவந்தலாவையை அடையும் மாலையில் உறங்க ஓர் அறை வேண்டும். அப்பாதையின் ஓரத்தில் உறுதி பெற்ற வீடுகள் சில உள்ளன, உறுதி பெறாத லயங்கள் பல உள்ளன. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டு நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2,053,465 பேர். அவர்களுள் ஒரு சிறு பகுதியினரே இம்மலைவழியை நடந்தார்களாயினும், அன்றிரவு அவர்கள் எவர் வீட்டுத் திண்ணையில் இருந்து தேநீர் அருந்தினர், அத்தேநீருக்குரிய பணம் எவர் கையில் விழுந்தது என்பதை நோர்வூட் பிரதேச சபையும் காணி உறுதிகளை வழங்கும் அலுவலகங்களுமே தீர்மானிக்கின்றன.